ஒரே சாலையில் இரண்டு மேளம்

பாடாங் செராய் கடைத்தெரு முனையில், தார்ச்சாலையில் பால் ஓடிய அந்தத் தைப்பூசக் காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பிள்ளைகளா, அது உங்கள் அம்மா தலையில் சுமந்து வந்த பால்குடம். நீங்கள் நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வைத்த நேர்த்தி.

அவளுக்கு முன்னால் எங்கள் ரப்பர் தோட்டத்து உறுமி மேளம். சின்னக் குழு, நானும் அதில் உறுமி அடித்தேன். அடுத்த சாலையிலிருந்து கோயில் தலைவரின் மகன் காவடியோடு வந்தான். அவனுக்குப் பக்கத்து ஊர் லூனாஸிலிருந்து பெரிய மேளம் வரவழைத்திருந்தார்கள். இரண்டு மேளம் சந்தித்தால் சின்ன மேளம் அடியை நிறுத்தி ஒதுங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடி குழம்பினால் அருள் வந்தவர்களுக்கு ஆகாதாம். சின்ன மேளத்துக்குப் பின்னால் வருகிறவளுக்கும் அருள் வந்திருக்குமே, அதை யார் நினைத்தார்கள்?

“டேய், நிப்பாட்டுங்கடா. பெரிய மேளம் வருது” என்றார் தலைவர். நிறுத்தினோம். அடி அறுந்ததும் உங்கள் அம்மா தடுமாறி விழுந்தாள். தலைவர் திரும்பிப் பார்த்து, “விரதம் ஒழுங்கா இருந்திருக்க மாட்டா” என்றார், ஊரே கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகு அவள் பால்குடம் எடுக்கவே இல்லை. நேர்த்தி பாக்கி நின்றது. என் கோபமும் நின்றது.

பல வருஷம் கழித்து, இசை படிக்கப் போன உங்கள் அக்கா கைப்பேசியில் ஓர் அமெரிக்கர் எழுதிய இசையைப் போட்டுக் காட்டினாள். நூறு வருஷத்துக்கு முந்தியது. ஒரு பேண்டு ஒரு தாளத்தில் வருகிறது. வேறொரு பேண்டு வேறு தாளத்தில் வந்து அதன்மேல் மோதுகிறது. ஊர்க்காரர்கள் பிசகி ஊதுகிற சுருதியைக்கூட அந்த மனிதர் வேண்டுமென்றே எழுதியிருக்கிறார். நடுவில் கனவுபோல் அடங்கி, மறுபடி ஒரே ரகளை. முதலில் இரண்டு ரேடியோ சேர்ந்து பாடுவதுபோல் காது வலித்தது. திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது: இங்கே யாரும் யாருக்காகவும் நிறுத்தவில்லை. அந்த அமெரிக்கருடைய அப்பாவும் பேண்டுக்காரர்தானாம்.

அன்று முதல் எங்கள் குழுவை இரண்டாகப் பிரித்துத் தோட்டத்துத் திடலில் எதிரெதிராக நடக்கவிட்டேன். அவரவர் அடி அவரவருக்கு. ஆரம்பத்தில் எல்லாரும் அடுத்தவன் அடியில் போய் விழுந்தோம். தவில் அடிக்கிற தம்பி, “அண்ணே, அமெரிக்காக்காரன் நம்மளப் பைத்தியமாக்கிட்டான்லா” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

போன தைப்பூசத்தில் உங்கள் அம்மாவைக் கெஞ்சிப் பால்குடம் எடுக்க வைத்தேன். அதே முனை, அதே தலைவர், அதே காவடி. நிறுத்தச் சொல்லி அவர் கையைத் தூக்கினார்.

“நிறுத்த மாட்டோம் தலைவரே. வேணும்னா நீங்க ஒதுங்குங்க” என்றேன்.

இரண்டு அடியும் மோதின. கடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். உங்கள் அம்மாவின் கால் பிசகவில்லை. பெரிய மேளத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் தன் அடி தப்பி எங்கள் அடிக்குள் வழுக்கினான், பிறகு எல்லாரும். தலைவரின் மகன் எங்கள் அடிக்கு ஆடிக்கொண்டே அவள் பின்னால் வந்தான்.

அந்த அமெரிக்கரின் இசையில் யாரும் தோற்பதில்லை. எனக்கு அது போதவில்லை. சந்நிதியில் உங்கள் அம்மாவின் பால் வேல்மேல் இறங்கியபோது ஊரே கும்பிட்டது. நான் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.