ஊர்வலம் எண்பதில் போன நாள்

என் அத்தானுக்கு எங்கள் தெருவில் 'ஊர்வலம்' என்று பெயர். அவர் காரை எடுத்தால் பின்னால் பத்து வண்டியாவது சேர்ந்துவிடும். நடந்து போகிறவர்கள் அவரிடம் நலம் விசாரித்துவிட்டு முந்திப் போவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அக்கா கேக் செய்கிறாள், அத்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இதுதான் அவர்கள் பிழைப்பு. பின்னால் மூன்றடுக்குக் கேக்கை வைத்துக்கொண்டு எவனாவது வேகமாகப் போவானா என்று கேட்பார். "பதறாத காரியம் சிதறாது" என்பது அவர் வாயில் மணிக்கொரு தரம் வரும். ஆனால் கேக் சிதறத்தான் செய்தது. வேகமாகப் போகிறவர்களுக்குப் பயந்து சந்துபொந்தெல்லாம் புகுந்து, பள்ளத்துக்குப் பள்ளம் பிரேக் போட்டு அவர் போய்ச் சேரும்போது மேலடுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதற்காகவே அக்கா ஒரு டப்பா கிரீமும் தட்டைக் கத்தியும் மடியில் வைத்துக்கொண்டு கூடப் போவாள். மண்டப வாசலிலேயே குனிந்து நின்று ஒட்டுப்போட்டுவிட்டுத் திரும்புவாள். எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறாள், ஒரு மேடையைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

போன வருடம் ஒரு பழைய டீசல் கார் வாங்கினார்கள். பின்கதவைத் திறந்தால் மூன்றடுக்கும் நிமிர்ந்தபடியே உள்ளே போகும். அத்தானுக்கு அதன்மேல் அப்படி ஒரு பாசம். சில மாதத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு பெட்டி, அதற்குள் புள்ளி புள்ளியாக. அத்தான் அதை உலர்திராட்சை போட்ட கேக் என்று நினைத்தார். சத்தியமாக. பின்னால் கேக் இருப்பது வண்டிக்கே தெரிகிறது பார் என்று என்னிடம் பூரித்துப்போனார். கேக்கை இறக்கிய பிறகும் விளக்கு அணையாதபோதுதான் முகம் வாடியது.

வண்டிக்குக் களைப்பு என்று அவராகவே முடிவுகட்டி, இன்னும் மெதுவாக ஓட்ட ஆரம்பித்தார். நிறுத்தப் போகும்போது முன்னால் விசிறி உறுமினால், பாவம் மூச்சு வாங்குகிறது என்று உடனே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். இறங்கி பானட்டைத் தடவிக்கொடுப்பார். என் அக்காவுக்குத் தலைவலி வந்தபோதுகூட இவ்வளவு செய்ததில்லை.

ஒரு கல்யாணக் கேக்கை ஏற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் கிளம்பிய காலையில் வண்டி வழக்கத்தைவிடச் சோம்பியது. அக்கா பிடிவாதமாக மெக்கானிக்கிடம் விடச் சொன்னாள். மெக்கானிக் தன் கருவியின் ஒயரை மாட்டிப் பார்த்தார், பிறகு அத்தானைப் பார்த்தார்.

"புகையில வர்ற கரியைப் பிடிச்சு வைக்கிற வடிகட்டியோட விளக்கு இது. நிக்காம வேகமா ஓடினா சூடேறி, கரி தானா எரிஞ்சிடும். அது எரியறப்பதான் அந்த விசிறி ஓடும். நீங்க ஒவ்வொரு தடவையும் பாதியில அணைச்சிருக்கீங்க. கொஞ்சிக் கொஞ்சியே அதுக்கு மூச்சு முட்ட வச்சிருக்கீங்க, அண்ணே."

விளக்கு இன்னும் சிமிட்ட ஆரம்பிக்கவில்லை, அதனால் இன்றைக்கே பெரிய சாலையில் எண்பதில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டினால் பிழைக்கும் என்றார். விட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும், அதற்குக் காரையே விற்க வேண்டியிருக்கும். கார் போனால் கேக் வியாபாரமும் போச்சு. அத்தான் பானட்டைத் தடவிக்கொடுத்தார். முதலில் சந்து வழியாகப் போய்க் கேக்கைக் கொடுத்துவிடலாம் என்று இழுத்தார். மண்டபமோ பெரிய சாலையின் அந்தக் கோடியில் இருந்தது.

"ரெண்டுக்கும் ஒரே ரோடுதான். ஏறுங்க," என்றாள் அக்கா.

நான் பின்னால் கேக் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது. அத்தானின் காது சிவந்தது. அறுபது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எண்பதைத் தொட்டபோது எங்களுக்கு முன்னால் ஒரு லாரி வந்தது. அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் அதை முந்திவிட்டார்.

"நான் ஒருத்தரை முந்திட்டேன்," என்றார், கோயிலில் பேசுகிற குரலில்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பால் வண்டியை முந்தினார், பேருந்தை முந்தினார், ஒவ்வொன்றையும் எங்களுக்கு அறிவித்தார். அக்கா கண்ணாடியை இறக்கினாள். காற்று கொண்டையைப் பிய்த்துப் போட்டது, அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் தலைகால் புரியவில்லை. பெட்டியின் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்துப் பார்த்து, அசையவில்லை, அசையவில்லை என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். வழவழப்பான சாலை, பள்ளமில்லை, பிரேக்கில்லை. அது ஏன் அசையப்போகிறது?

விளக்கு எப்போது அணைந்தது என்று மூன்று பேருக்கும் தெரியாது. மண்டபத்துப் பக்கம் வண்டியைத் திருப்பும்போதுதான் அத்தான் பார்த்தார். விளக்கு எரிந்த இடம் வெறிச்சென்று இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்கதவைத் திறந்தோம். மேலடுக்கு நேராக நின்றது. அக்கா கிரீம் டப்பாவோடு ஒரு நிமிடம் திகைத்து நின்றாள், பிறகு டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் மேடையை நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூவரும் வாசல் படியில் உட்கார்ந்து அந்தக் கிரீமைத் தட்டைக் கத்தியாலேயே வழித்துத் தின்றோம்.

"வாராவாரம் இப்படி ஒரு ஓட்டம் ஓட்டியே ஆகணும்னு மெக்கானிக் கண்டிச்சுச் சொல்லியிருக்காரு," என்றாள் அக்கா, உதட்டைத் துடைத்துக்கொண்டு. "நீங்க பானட்டைத் தடவிக்கிட்டு இருந்தீங்க, காதுல விழுந்திருக்காது."

மெக்கானிக் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பக்கத்திலேயேதான் நின்றேன்.

"ஆமா அத்தான், சொன்னாரு," என்றேன்.