லூர்தம்மாள் கேட்ட களம்

லூர்தம்மாள் பெயரை எடுத்தாலே எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒரு நமட்டுச் சிரிப்பு கிளம்பும். "யாரு, ஹேண்ட்பால் டீச்சரா?" என்பார்கள். நடந்தது முழுக்கத் தெரிந்தவர்களே அப்படிச் சிரிப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் மீனம்மாள், அங்கே தமிழ் டீச்சர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் போகிற வழியில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லூர்தம்மாள் எங்களுக்கு உடற்பயிற்சி டீச்சர். இருவருக்கும் வீடு குன்றத்தூரில், ஒரே பஸ்ஸில் போய் வருவோம். நல்ல உயரம், கட்டைக் குரல், வலது கைச் சுண்டுவிரல் கோணல். சென்னையில் படித்த காலத்தில், கையால் பந்தை எறிந்து கோல் போடுகிற ஹேண்ட்பால் ஆட்டத்தில் கோல் கீப்பராக நின்று பந்தைத் தடுத்ததில் உடைந்த விரல். அதை மறைக்க மாட்டாள், அந்த விரலில்தான் மோதிரமே போட்டிருப்பாள். படிப்பு முடிந்ததும் கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று ஆட்டம் நின்றுபோனது. ஒரு பள்ளிக்கூடத்திலாவது பெண் பிள்ளைகளுக்கு ஒரு டீம் உண்டாக்கிவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் இதே பேச்சு. நான் தூங்குகிற மாதிரி நடிப்பேன்.

1991 ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் கோதண்டராமனிடம் போய் நின்றாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏம்மா, கபடி இருக்கு, கோகோ இருக்கு. எவனுக்கும் தெரியாத ஆட்டம் எதுக்கு?" என்றார் அவர்.

"எவனுக்கும் தெரியாததாலதான் சார். கபடின்னா மாவட்டத்துல எல்லா ஸ்கூலும் வந்து நிக்கும். ஹேண்ட்பாலுக்கு ஏழெட்டு டீம் வந்தாலே பெருசு. நம்ம பொண்ணுங்க ஒரு வருஷம் ஒழுங்கா ஆடினா மாநிலத்துக்கே போயிடலாம். விளையாட்டுக் கோட்டாவுல காலேஜ் சீட்டு கிடைக்கும். செலவும் இல்ல, ரெண்டு பந்து, நாலு கம்பம். இல்லன்னா இதுங்க பத்தாவதோட வயல்ல எறங்கிடும் சார்."

அவர் யோசித்தார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கவே இடம் போதாது. "ஆட எடம்? போய் தசரதனைக் கேட்டுப் பாருங்க" என்றார். அவர் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததே எங்களுக்கு ஆச்சரியம்.

தசரதன் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். பஞ்சாயத்தைக் கலைத்துப் பதவி போன பிறகும் ஊரில் அவர்தான் தலைவர். எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"எடத்துக்கு இன்னா டீச்சரம்மா, ஊர்க் களம் சும்மாதான கீது. ஆனா நான் சொன்னா பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க. நீங்க பேசுங்க. ஒங்க பேச்சுன்னா கேப்பாங்க."

லூர்தம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

களம் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த கட்டாந்தரை. யார் பேரிலும் இல்லாத புறம்போக்கு. அறுவடையானால் ஊரில் எல்லார் வீட்டு நெல்லும் அங்கேதான் அடிபடும். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு, எந்தப் போகத்திலும் களத்தைக் காலியாக விட மாட்டார்கள். மழை ஏமாற்றிய வருஷத்தில்கூட யாராவது ஒரு கட்டுக் கேழ்வரகையாவது கொண்டுவந்து அடித்துத் தூற்றிவிட்டுத்தான் போவார்கள். தானியம் கிடக்கிற தரையை அளக்க எவனும் சங்கிலியோடு வர மாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வாசலில் கூட்டம் போட்டோம். வந்தவர்களில் முக்கால்வாசி அம்மாமார்கள். முன்வரிசையில் அம்சவல்லி. அவள் மகள் ரஞ்சனி ஒன்பதாவது. அம்சவல்லி வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள்.

"பொட்டப் புள்ளைங்க அரை நிஜாரு போட்டுகினு ஆடணுமா டீச்சர்?"

"யாரு சொன்னது? சுடிதார் பேன்ட்டு, மேல முழுக்கை பனியன். நானே தச்சுத் தரேன்."

"வெயில்ல கறுத்துப் பூட்டா எவன் கட்டுவான்?"

"நடவுக்குப் போறப்ப மட்டும் கொடை புடிச்சிகினா போறா ஒங்க பொண்ணு?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் லூர்தம்மாள் தன் வாதத்தை எடுத்து வைத்தாள். நான் எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன், இது மாதிரிக் கேட்டதில்லை.

"வரப்புல நின்னு நாத்துக் கட்ட வீசறது யாரு? ஒங்க பொண்ணுங்கதான். சேத்துல குனிஞ்சிகினு கீறவ கைக்கு எட்டறாப்பல, அவ மேல சேறு தெறிக்காம வீசறாங்களே, அத எந்தக் காலேஜ்லயாச்சும் சொல்லித் தர முடியுமா? இந்த ஆட்டத்துக்கு அந்தக் கைதான் வேணும். டவுன் பொண்ணுங்களுக்கு அது கெடயாது. ஒங்க பொண்ணுங்களுக்குப் பொறந்ததுலேர்ந்து கீது."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த பந்தை அம்சவல்லியைப் பார்த்து வீசினாள். அம்சவல்லி இடுப்பில் குழந்தையோடு ஒற்றைக் கையால் பிடித்துவிட்டாள். வாசலே கைதட்டியது. அம்சவல்லிக்கு வெட்கம் தாங்கவில்லை.

ஆனால் களம் என்றதும் அவள் முகம் மாறியது. "காலியா வுட்டா எவனாச்சும் வந்து அளந்துகினு பூடுவான் டீச்சர். கம்பம் நட்டுட்டா நெல்ல எங்க போடறது?"

"இந்த ஒரு போகம் தார் ரோட்ல போடுங்கம்மா. மத்த ஊர்ல அப்படித்தான போடறாங்க. பொங்கலுக்குள்ள வேற எடம் பாத்துடலாம்."

தசரதன் எழுந்தார். "நான் கீறேன்ல? ஸ்கூல் புள்ளைங்க ஆடற எடத்த எவன் அளப்பான்?"

பக்கத்தில் இருந்த கோதண்டராமன், "பள்ளிக்கூடம் பொறுப்பு" என்றார்.

அம்சவல்லி அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. லூர்தம்மாளைத்தான் பார்த்தாள். "நீங்க கேக்கறீங்க, தரோம்" என்று கையைத் தூக்கினாள். அதன் பிறகு எல்லாக் கையும் உயர்ந்தன.

சவுக்குக் கம்பம் நட்டு வெள்ளையடித்தோம். முதல் வாரம் பெரிய கூத்து. பழக்க தோஷத்தில் எல்லாப் பெண்களும் பந்தை எதிரில் நிற்பவளின் காலடியில் மெத்தென்று போட்டார்கள். "நாத்து இல்லடி, பந்து! மாருக்கு வீசு!" என்று லூர்தம்மாள் தொண்டை கிழியக் கத்துவாள். ஆடி மாசம் முடிவதற்குள் அந்தப் பிள்ளைகள் பந்து வீசினால் சத்தம் கேட்கும். ரஞ்சனி ஓடிக்கொண்டே எகிறி எறிவாள், பார்க்கிற எனக்கு மூச்சு வாங்கும். தூங்குகிற மாதிரி நடித்த நான் சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன். அக்டோபரில் காஞ்சிபுரத்தில் மாவட்டப் போட்டி. பனியன் தைத்துத் தயாராக வைத்துவிட்டாள்.

சொர்ணவாரிப் போகத்து நெல் அறுவடை வந்தது. சொன்ன சொல் தவறாமல் நெல்லைத் தார் ரோட்டில் போட்டார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போக, பெண்கள் ஓரத்தில் நின்று கூட்டிக் குவித்தார்கள். முதல் தடவையாக ஒரு போகம் களத்தில் ஒரு நெல்மணி விழவில்லை. காலாண்டுப் பரீட்சை நடந்த வாரம் களத்தை அளக்கிற ஆட்களோடு ஒரு ஜீப் வந்தது. நாங்கள் பரீட்சை ஹாலில் இருந்தோம். பள்ளி மறுபடி திறந்தபோது களத்தைச் சுற்றி முள்கம்பி. எங்கள் கம்பங்களைப் பிடுங்கி ஏரிக்கரையில் போட்டிருந்தார்கள். ஏதோ கம்பெனிக்குக் குடோன் வரப்போகிறதாம்.

ஊரே வேலியோரம் கூடிவிட்டது. பெண்கள் தசரதனைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மனுஷன் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

"நானா களத்தக் கேட்டேன்? டீச்சரம்மா கேட்டாங்க, நீங்க கை தூக்கினீங்க. நெல்லு போடாம காலியா கெடந்த எடம், சர்க்காரு எடுத்துக் குடுத்துடுச்சி. என்ன இன்னா பண்ண சொல்றீங்க?"

லூர்தம்மாள் கோதண்டராமனைத் திரும்பிப் பார்த்தாள். "சார், பள்ளிக்கூடம் பொறுப்புன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் ஆட்டத்தைச் சொன்னேம்மா. அளக்க வந்தவங்க கேட்டாங்க, எடத்துக்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லன்னு உள்ளதைச் சொல்லிட்டேன்" என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அறையலாம் போல இருந்தது எனக்கு.

பிற்பாடு கம்பெனி எங்கள் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டிக் கொடுத்தது. திறப்பு விழாவில் மாலையைப் போட்டுக்கொண்டு கோதண்டராமனே பெருமையடித்தார். போன பொங்கலிலிருந்தே தாமும் தசரதனும் கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார்களாம், பெண்கள் களத்தை விடுவார்களா என்ற ஒரு தடைதான் இருந்ததாம். குடோனுக்குச் செங்கல், ஜல்லி காண்டிராக்ட் தசரதனுக்கு. ஆக, ஜூனில் நாங்கள் கேட்கப் போனபோதே எல்லாம் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பெண்களின் வாயிலிருந்து சம்மதம் வாங்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. இவள் தானாகப் போய் நின்றாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

ஊருக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. டீச்சருக்கும் இதில் பங்கு என்று பேசிக்கொண்டார்கள். போட்டிக்கு முந்தின நாள் பனியன்களைப் பையில் போட்டுக்கொண்டு லூர்தம்மாள் வீடு வீடாகப் போனாள். நானும் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில், பொண்ணு ஊரில் இல்லை. உள்ளே பிள்ளைகள் அழுவது எங்களுக்குக் கேட்டது.

அம்சவல்லி மட்டும் பொய் சொல்லவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லூர்தம்மாள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ரஞ்சனி உள்ளதான் கீறா. அனுப்ப மாட்டேன். எங்க புள்ளைங்கள புகழ்ந்து புகழ்ந்தே எங்க களத்தப் புடுங்கிட்டியே டீச்சர்."

அதுவரை 'நீங்க' என்று பேசியவள். லூர்தம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் காஞ்சிபுரம் கிளம்பினாள். டீமே இல்லை, எதற்குப் போகிறாய் என்றேன். சொல்லாமல் விட்டால் எதிர் டீம் பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்கும் என்றாள். கூடப் போனேன். மைதானத்தில் போட்டி நடத்துகிறவர், வயதானவர், எங்களைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார்.

"பொண்ணுங்கள அனுப்ப மாட்டேன்னுட்டாங்களா? கிராமத்துல எப்பவும் இதே கதைதான்மா. அவங்களுக்கு என்ன தெரியும்!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

"இல்ல சார். நான் கேட்டதெல்லாம் குடுத்தாங்க. நான்தான் அவங்கள ஏமாத்திட்டேன்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளை ஓரமாக இழுத்தேன். "ஏன்டி, ஏமாத்தினவங்க ரெண்டு பேரும் ஊர்ல நல்லாக் காலாட்டிகிட்டு உக்காந்திருக்கானுங்க. நீ ஏன் தலையைக் குடுக்கறே?"

"அவங்க தசரதனை எப்ப நம்பினாங்க மீனா?" என்றாள். "என்னைத்தான நம்பினாங்க."