ஏட்டக்காவின் காலிக் கட்டங்கள்

ஏரிக்கரையில் அவளுக்கு ஏட்டக்கா என்றுதான் பெயர். பறவைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். சைக்கிள் கூடைக்குள் அடங்காத பதிவேட்டோடு தினமும் வருகிறவளை வேறு எப்படித்தான் அழைப்பார்கள்?

இந்த முறை வேலை வேறு மாதிரி. நாற்பது பறவைகளை மக்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், அந்தப் பெயர் ஏன் வந்தது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் வேலை நிரந்தரம் என்றார் அதிகாரி. பட்டறை எந்திரத்தில் விரல்களைப் பறிகொடுத்துவிட்டு, வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடக்கும் கணவனிடம் அதைச் சொன்னபோது, ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்த ஒரு சிரிப்புக்காக ஏரியையே புரட்டிப் போடவும் அவள் தயாராக இருந்தாள்.

பெயர்கள் சுலபமாகக் கிடைத்தன. ஒன்பது பெயர்களுக்கான காரணத்தை, அவள் விசாரித்த எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மற்றவற்றுக்கு, கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிற மீனவர்தான் கதி. இரட்டைவால் குருவியின் வாலை இரண்டு மாமியார்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்களாம். வாலாட்டிக் குருவி, போன புருஷன் திரும்பி வருவானா என்று கேட்டு அழுதவளுக்கு, வாலை ஆட்டியே "வருவான்" என்று சொன்னதாம். அதை எழுதும்போது ஏட்டக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்தொரு கட்டங்கள் இப்படி நிறைந்தன.

கேட்டதை இரண்டாம் முறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அலுவலக விதி. புதன்கிழமை மறுபடி வலைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, அந்த இரட்டைவால் குருவி கதைய இன்னொரு தடவ சொல்லுங்க."

"அதுவா... ரெண்டு நாத்தனாருங்க சண்டை போட்டு..."

பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டாள். "போன வாரம் மாமியார்னீங்க. எங்க அம்மாவுக்குப் பயந்து மாத்திட்டீங்களா?"

ஏட்டக்கா பேனாவை மூடினாள். "எல்லாமே கட்டிவிட்டதாண்ணே?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ பேனாவத் திறந்து வெச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குற. தெரியாதுன்னு சொல்ல மனசு வரலம்மா."

அவளால் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. விடுவிடுவென்று கரையோரம் நடந்தாள். சேற்றில் ஒரு குருட்டுக்கொக்கு நின்றது. அவர் சொன்ன கதையில் முனிவர் சாபத்தால் அதற்குக் கண் போனது. ஆத்திரத்தில் அதை நோக்கியே நடந்தாள். பத்தடி, ஐந்தடி, கை நீட்டினால் தொட்டுவிடலாம். இவளைக் காணாததுபோல மண்ணோடு மண்ணாக அது நின்றது. பிறகு சட்டென்று வெள்ளை வெளேரென்று இறக்கை விரித்துப் பறந்தது.

இவ்வளவு கிட்டே ஆள் வந்தும் நகராத பறவையைக் குருடு என்றுதானே நினைத்திருப்பார்கள்?

சாபத்தை அடித்துவிட்டுக் கண்ணால் கண்டதை எழுதினாள். மற்ற முப்பது கதைகளையும் அடித்து, "காரணம் தெரியவில்லை" என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி பதிவேட்டைத் திருப்பித் தள்ளினார். "அடிச்சதெல்லாம் நல்லாத்தானேம்மா இருந்துச்சு. அதையே திரும்ப எழுதுங்க. யாரு ஏரிக்குப் போய் விசாரிக்கப் போறா?"

"அதெல்லாம் பொய், சார்."

"குருவிக்குத் தெரியவா போகுது?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கோ கணவனின் அந்த ஒற்றைச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. பேனாவைத் திறந்தாள். முதல் கட்டத்தில் இருந்த "தெரியவில்லை"யின் மேலேயே மறுபடி "தெரியவில்லை" என்று அழுத்தி எழுதினாள். தாள் கிழிந்தது.

திங்கட்கிழமை ஒட்டிய நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. சேதியைச் சொன்னதும் கணவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் வலைக்காரர் ஆற்றாமையோடு கேட்டார்: "அந்த வாலாட்டி கதையக்கூடவா அடிச்சுட்ட? அதுல என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்லண்ணே," என்றாள் ஏட்டக்கா. "அதான் எரிச்சலா வருது."