காலியாகத் திருப்பிய தூக்கு

அந்தப் புத்தகத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் எடுத்தேன். அம்மா வீட்டுக்குப் போகிற சனிக்கிழமைகளில் அங்கே எட்டிப் பார்ப்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். மனித இயல்பைப் பற்றிய புத்தகம். பிள்ளை வளர்க்க உதவும் என்று நினைத்தேன். ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில், மூன்று வயது மகள் மடியில் தூங்க, ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டேன். யாரும் சும்மா கொடுப்பதில்லை, பதிலுக்கு ஏதாவது வரும் என்றுதான் கொடுக்கிறார்கள், அது நின்றால் இதுவும் நின்றுவிடும் என்று அதில் இருந்தது. சந்தேகமிருந்தால் சுற்றியிருப்பவர்களைக் கவனித்துப் பார்க்கச் சொல்லியிருந்தது.

எனக்கு உடனே பக்கத்து வீட்டு அக்கா ஞாபகம் வந்தார். ஏன் அவர் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா பேண்டேஜ் துணிக் கம்பெனியில் காலை ஷிப்ட் வேலை பார்ப்பவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என் மகளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, 'பங்காரம்'தான். தங்கம் என்று அர்த்தம். மாலையில் நான் டியூஷன் எடுக்கும் இரண்டு மணி நேரமும் அவள் அங்கேதான் இருப்பாள். வாரத்தில் இரண்டு முறையாவது அக்காவின் சின்ன எவர்சில்வர் தூக்கு பணியாரமோ மொச்சைக் குழம்போ சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வரும். அதைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம்.

நான் காலியாகக் கொடுத்தேன், நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்து. அக்கா மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியே செய்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு தூக்கு வரவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். "பாத்தீங்களா, புக்குல போட்டிருக்கது சரியாப் போச்சு."

"அந்த அக்காவ வச்சா பரீட்சை நடத்துத? ஒனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அதே நாட்களில் மகள் இரவுச் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்தியிருந்தாள். பூச்சி மருந்து கொடுத்தேன். ஒரே வாரத்தில் இரண்டு முறை எடை பார்த்தேன். கடைசியில், டியூஷன் முடிந்து அவளைக் கூப்பிடப் போன இடத்தில் அக்காவிடமே புலம்பினேன்.

"ராத்திரி ஒரு வாய் வாங்க மாட்டேங்காக்கா. டாக்டர்ட்ட காட்டணும்."

அக்கா சிரித்துவிட்டார். "வயித்துல எடம் இருந்தாத்தான வாங்குவா? நாந்தான் தெனமும் ரெண்டு தோசை ஊட்டிருதேனே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தூக்குல குடுத்துவிட்டா, திருப்பிப் போட ஒண்ணுமில்லையேன்னு நீ சங்கடப்படுத. அதான் நிறுத்திட்டேன். வீட்டுல ஏதும் சிரமமாம்மா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம் சிரமந்தாக்கா" என்றேன். எங்கள் வீட்டில் ஒரு சிரமமும் இல்லை.

மறுநாள், அம்மா கொடுத்துவிட்ட முருங்கைக்காயைக் கொண்டுபோனேன். "இருக்கட்டும்மா, நீயே குழம்பு வையி" என்று அக்கா வாங்க மறுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கேசரி. "பிள்ளைக்கு வையி." கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: புத்தகம், காலித் தூக்கு, பொய்.



"அம்புட்டும் பரீட்சையா?" என்றார் அக்கா. பிறகு, "நான் பாஸா, பெயிலா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கேசரிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

புத்தகத்தை மீதி படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மகள் இப்போதும் மாலையில் அங்கேதான் இருக்கிறாள். இப்போதும் பங்காரம்தான், தோசைதான். ஆனால் முன்பெல்லாம் நான் கொடுத்த பாத்திரம் அக்கா வீட்டில் நாலு நாள் கிடக்கும். தேவைப்படும்போது நானே அடுப்படிவரை போய் எடுத்து வருவேன். அன்றைய கேசரிக் கிண்ணம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது, விளிம்புவரை சீனியோடு. அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் உடனே திரும்பி வருகிறது. நேற்றும் வந்தது. மகள்தான் இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பொட்டு சிந்தாமல் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.