இலையின் பின்பக்கம்

நான் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கடைப் பலகை, பஸ் பலகை எல்லாம் எழுதியிருக்கிறேன். சண்டையில் பொருள் தடை வந்தபிறகு பெயின்ற் வரவில்லை. புதுக் கடையும் யாரும் திறக்கவில்லை. தகரப் பேணிகளின் அடியில் மிஞ்சிய மூன்று நிறங்களோடு சும்மா இருந்தேன்.

அந்த ஐப்பசி மழையோடு அக்காவின் முந்திரிகைப் பந்தலில் நோய் விழுந்தது. திராட்சையைத்தான் எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்போம். அத்தான் போனபின் அவளுக்கு இருந்தது அந்தப் பந்தல் ஒன்றுதான். இலையில் மஞ்சள் புள்ளி, வெள்ளைத் தூள். பிஞ்சுக் குலைகள் உதிர்ந்தன.

மருந்து என்று அவளிடம் ஒரு பேணி மயில்துத்தம் இருந்தது. ஒருமுறை தெளிக்கத்தான் காணும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் கந்தகம் இருந்தது. அவருக்குப் புகையிலை நாற்றுக்குத் துத்தம் தேவை.

“மாத்துவம் அக்கா. வெள்ளை விழுந்தால் கந்தகம்தான்,” என்றார்.

ஏமாற்றுகிற ஆள் இல்லை. ஆனால் மருந்து பிழையாய்ப் போனால் பந்தல் போய்விடும். திரும்ப வாங்க எங்கும் இல்லை. மூன்று நாளில் சொல்கிறேன் என்றாள் அக்கா.

நல்லூரில் ஒரு விவசாய உத்தியோகத்தர் இருந்தார். என்னைவிட இளையவர். சைக்கிளால் விழுந்து காலில் கட்டு. வர முடியாது. இலைகளைப் பிடுங்கிக்கொண்டு போனேன். பையில் போட்டது வெயிலில் சுருண்டு கருகிவிட்டது. ஈரத்துணியில் சுற்றியதில் வெள்ளை துணியோடு போய்விட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் கந்தகத்துக்குத் துத்தம் கேட்டதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

“அண்ணை, நீங்கள் பலகை எழுதுறனியள்தானே? பாத்துப் படமாய்க் கீறிக்கொண்டு வாங்கோ.”

பால்மாப் பெட்டி அட்டையில் தாம்பாளம் அளவு இலை கீறினேன். பச்சை, மஞ்சள், வெள்ளை. அக்கா பார்த்தாள்.

“நோய் மாதிரி இல்லை. கோயில் சோடனை மாதிரிக் கிடக்கு.”

அடுத்த நாள் உத்தியோகத்தரும் பார்த்தார். “வெள்ளை மேலை கிடக்கு. அப்ப சாம்பல் நோய். கந்தகம் அடியுங்கோ.”

சைக்கிளை எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டார்.

“விரலாலை துடைச்சால் வெள்ளை போகுதோ?”

“தெரியாது ஐயா. பின்பக்கத்தை நான் தொடேல்லை.”

“எந்தப் பின்பக்கம்?”

“இலையின்ரை. வெள்ளை அங்கைதான்.”

“அப்ப ஏன் முன்னாலை கீறினியள்?”

“பின்பக்கத்தை ஆர் பாக்கிறது?”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அண்ணை, அக்காவின்ரை பந்தல் இப்ப போயிருக்கும். மேலை வெள்ளை எண்டால் கந்தகம். கீழை எண்டால் துத்தம். நாளைக்கு விடிய, பனி காய முந்திப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் கீறுங்கோ. இருக்கிறதை மட்டும்.”

பலகைக்கு ஒரு முகம்தான். மற்றப் பக்கம் சுவருக்கு. இருபது வருடம் அப்படி எழுதிய கை, கண் கண்டதை எல்லாம் ஒரே முகத்தில் வைத்துவிட்டது. பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனாலும் பொய்தான்.

பெரிய எழுத்தைப் பலகைக்கு மாற்ற, கடதாசியில் ஊசியால் குத்திக் கரித்தூள் தட்டுவோம். விடிய அந்த ஊசியோடு பந்தலுக்குள் போனேன். கொடியில் நின்ற இலையிலேயே ஒரு மஞ்சள் புள்ளியைச் சுற்றிக் குத்தினேன். இலையைத் திருப்பினேன். துவாரங்களுக்கு நடுவே வெள்ளை. அடுத்த புள்ளியும் அப்படி. ஏழு இலை பார்த்தேன். மேற்பக்கத்தில் வெள்ளையே இல்லை. புள்ளி வட்டமும் இல்லை. நரம்பு வந்த இடத்தில் நின்று கோணலாய்க் கிடந்தது. முதல் படத்தில் நான் பேணி மூடியை வைத்து வட்டம் போட்டிருந்தேன்.

வேறொரு அட்டையின் இரண்டு பக்கமும் கீறினேன்.

“உதென்னடா தம்பி, சொறி பிடிச்ச மாதிரி?” என்றாள் அக்கா.

“ஓம். அப்பிடித்தான் கிடக்கு.”

உத்தியோகத்தர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது அடிச்சாம்பல். மாத்த வேண்டாம். துத்தத்தைச் சுண்ணாம்போடை கரைச்சு அடியுங்கோ. இலைக்குக் கீழையும் படவேணும்.” அட்டையை அவரே வைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் தோட்டக்காரர் கந்தகத்தோடு வந்தார். அக்கா மாட்டேன் என்றாள்.

“ஒரு அட்டையை நம்பியோ அக்கா?”

“அட்டையை இல்லை. அவன் திருப்பிப் பாத்தவன்.”

பேணியை வழித்து ஒரு கரண்டி துத்தம் அவருக்குக் கொடுத்தாள். மிச்சத்தைக் கரைத்துத் தெளித்தோம்.

பழைய புள்ளிகள் மாறவில்லை. பத்து நாள் கழித்துப் புதுத் தளிரைத் திருப்பினேன். வெறும் பச்சை. பாதிக் குலை தப்பியது.

முதல் படத்தை அக்கா குசினியில் அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தாள். பிழையான படம் என்றேன்.

“வடிவாய்க் கிடக்கு. கிடக்கட்டும்.”

ஒருநாள் அவள் சந்தைக்குப் போனபோது அதைக் கழற்றினேன். முன்னால் இருந்த வெள்ளையைப் பச்சையால் மூடினேன். அட்டையைத் திருப்பி, அதே இடங்களில் வெள்ளையை வைத்தேன். காய்ந்ததும் மாட்டிவிட்டேன். அந்தப் பக்கம் சுவருக்குத்தான் தெரியும்.