சரிங்க என்ற ஒரு சொல்

கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலைக் குடும்பத்தின் தர்ம ஸ்தாபனம், காலேஜில் சேர வழி தெரியாத பிள்ளைகளுக்காக ஓர் ஆபீஸ் நடத்தியது. எந்தப் படிப்புக்கு எங்கே மனுப் போடுவது, யாரிடம் அத்தாட்சிக் கையெழுத்து வாங்குவது, நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது என்று எல்லாமே இலவசமாகச் சொல்லித் தருவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், பி.யூ.சி. முடித்த கையோடு சூலூரிலிருந்து பஸ் ஏறி அங்கே போய் நின்றேன். எனக்கு டாக்டராக வேண்டும். பிரசவ வலியோடு வண்டி கட்டிக் கொண்டுபோன என் சின்னம்மா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அதை நான் மறக்கவே இல்லை.

அங்கே என்னைக் கவனித்துக்கொண்டவர் ஒரு வக்கீலின் மனைவி. வீட்டில் தெலுங்கு, வெளியே இங்கிலீஷ், எங்களோடு எங்கள் பேச்சு. சூலூர் வரை வந்து என் அப்பாவிடம் பேசியதும் அவர்தான். அப்பா பருத்திக் காட்டு வரப்பில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

“இந்த வருசம் எடங் கெடைச்சாப் போகட்டுங்க. இல்லாட்டித் தை மாசம் கண்ணாலமுங்க.”

அந்த அம்மா என்னைப் பாடாய்ப் படுத்தினார். தலையைக் குனியாதே, முந்தானையைத் திருகாதே, இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷிலேயே சொல். ஒவ்வொன்றுக்கும் “சரிங்க” என்றேன். எவ்வளவு மரியாதையான பெண் என்று ஆபீஸ் முழுக்க மெச்சிக்கொண்டார். அந்த மரியாதையில் தீயை வைக்க!

நேர்முகத் தேர்வுக்கு அவரே என்னை மெட்ராஸுக்கு ரயிலில் கூட்டிப் போனார். தேர்வுக் குழுவில் மூன்று பேர். தவளையின் இதயத்தைப் பற்றிக் கேட்டார்கள், திணறாமல் சொன்னேன். கடைசியில் நடுவில் இருந்த பெரியவர் தமிழுக்கு மாறினார். குரலில் அத்தனை பரிவு.

“ஏம்மா, பொண்ணுங்களுக்கு இது ரொம்பச் சிரமமான படிப்பு. உங்க ஊர்ப் பக்கமே பி.எஸ்.சி. படிக்கலாமே. இந்த இடம் ஒரு பையனுக்குப் போனா ஒரு குடும்பம் பிழைக்கும். என்ன சொல்றே?”

“சரிங்க.”

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பேசி நிறுத்தினால் அப்படிச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் நம் பேச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே அந்த அம்மா ஓடி வந்தார். நன்றாகச் செய்தேன் என்று சொன்னேன். அப்படித்தான் நம்பினேன், மண்டு.

பட்டியலில் என் பெயர் இல்லை. யார் யாரையோ பிடித்து விசாரித்துவிட்டு, அந்த அம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். “பி.எஸ்.சி.யே போதும்னு நீயே ஒத்துக்கிட்டயாமே, கண்ணு?”

நடந்ததைச் சொன்னேன். அழக்கூட வரவில்லை.

அப்பாதான் அவருக்கு விளக்கினார். “பெரியவங்க பேசுனா சரிங்கன்னு சொல்லுவோமுங்க. அது ஒத்துக்கிட்டதாயிருமுங்களா?”

“எல்லாம் சொல்லிக் குடுத்தேன். முடியாதுன்னு சொல்ல மட்டும் சொல்லிக் குடுக்காமப் போயிட்டேனே!” என்று அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் மறுபடி முயலலாம், எல்லாச் செலவும் ஸ்தாபனம் பார்த்துக்கொள்ளும் என்று கெஞ்சினார். அப்பா பிடி கொடுக்காமல் அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஒரு வருசந்தான்னு சொன்னது சொன்னதுதான், கண்ணு. தையில வெச்சுக்கலாம்.”

இன்னும் ஒரே ஒரு வருடம் என்று கேட்க வேண்டும். தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அவர் பேசி நிறுத்தியிருந்தார்.

“சரிங்கப்பா.”

அடுத்த வார்த்தைக்கு நான் மூச்சு வாங்குவதற்குள் அப்பா உள்ளே போய்விட்டார். “புள்ள சரின்னு சொல்லிப்போட்டா” என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது.