பீப் அக்காவின் மாப்பிள்ளை

வீசுகிறார், நிற்கிறார், காது கொடுக்கிறார், மறுபடி வீசுகிறார். நீண்ட கம்பின் நுனியில் தட்டு மாதிரி இருக்கும் வட்டத்தை, மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் இடமும் வலமுமாகக் கொண்டுபோகிறார். "விளக்குமாறு வீசுற மாதிரி வீசினா ஒண்ணும் ஆப்டாது. தூங்குற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுற மாதிரி போகணும்" என்பார். கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்கள் அவரைப் பார்த்து ஏதோ அளவெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்து வழிவிடுவார்கள்.

அதிகாரி எல்லாம் இல்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வாரம் முழுக்க ஸ்டியரிங், விடுமுறை நாளில் மெட்டல் டிடெக்டர். டிப்போவில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் பீப் அக்கா. வண்டி ஓட்டும்போதும் ஒரு கண் சாலையில் என்றால் இன்னொரு கண் ஓரத்து மண்ணில். எங்காவது பழைய கட்டடத்தை இடித்து மண்ணைக் கிளறிப் போட்டிருந்தால் முகம் மலர்ந்துவிடும். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் அப்படி ஒரு மண்மேட்டுக்குப் போனவர். அந்த வீட்டார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இடுப்பில் இரண்டு பைகள். ஒன்று குப்பைக்கு, ஒன்று சாமானுக்கு. குப்பைப் பைதான் எப்போதும் நிரம்பும். சாமான் பையில் வந்தவை வீட்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன: ஒற்றைத் தோடு, சக்கரம் போன பொம்மைக் கார், பெல்ட் கொக்கி, எந்தப் பூட்டுடையது என்று தெரியாத பெரிய சாவி. "இது வீடா, பழைய இரும்புக் கடையா?" என்று கணவர் கேட்பார். அவர் எலக்ட்ரீஷியன். அவருடைய கம்பிச்சுருள்கள் வீட்டின் பாதியை அடைத்திருப்பதை அக்கா நினைவூட்டியதும் பேச்சு சாப்பாட்டுக்குத் தாவிவிடும்.

அக்காவிடம் இருப்பவை இரண்டு கருவிகள். முதலாவது, ஒரு ஹார்டுவேர் கடையின் மூலையில் தூசி படிந்து கிடந்த மலிவுச் சரக்கு. கழுத்து ஆடும், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி நிறுத்தியிருக்கிறார். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சத்தம். தங்கம் என்றாலும் பீப், தகரம் என்றாலும் பீப். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே அதற்கு உலகமே இல்லை. ஈர மணலில் வைத்தால் உப்புத் தண்ணீரையே உலோகம் என்று எண்ணி ஓயாமல் அலறும். "வெகுளி. பார்த்ததுக்கெல்லாம் கூப்பாடு போடும்" என்று அதைத் தட்டிக்கொடுப்பார்.

இரண்டாவதற்குப் பெயரே மாப்பிள்ளை. வாங்கி வந்த அன்று, அந்த விலைக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜே வாங்கியிருக்கலாமே என்று கணவர் பெருமூச்சு விட்டார். "மாப்பிள்ளைக்கு எல்லாம் நேரா நேரத்துக்கு நடக்கணும். சார்ஜ் ஏத்தணும், கடல் தண்ணி பட்டா நல்ல தண்ணியில குளிப்பாட்டணும். ஆனா வேலைன்னு வந்தா கெட்டிக்காரர்." திரையில் எண் காட்டுவார், இரும்பு என்றால் முனகுவார், வேண்டாம் என்று சொல்லிவைத்தால் இரும்பைக் கண்டுகொள்ளவே மாட்டார். ஈர மணலிலும் நிதானம் தவற மாட்டார். முழங்கை ஆழம்வரை கேட்பார். "என்ன, மோதிரத்துக்கும் டின் மூடி வளையத்துக்கும் ஒரே நம்பர் காட்டுவாரு. அந்த இடத்துல அவரும் முழிப்பாரு, நானும் முழிப்பேன்."

மாப்பிள்ளை வந்த புதிதில் அக்காவுக்குச் சோம்பல் வந்துவிட்டது. நல்ல எண் வந்தால்தான் குனிவார். முதுகு வலி குறைந்தது. ஒருநாள் சார்ஜ் ஏற்ற மறந்துபோய், ஏற்கெனவே அலசி முடித்த பூங்காவுக்குப் பழைய வெகுளியைத் தூக்கிக்கொண்டு போனார். அது ஓரிடத்தில் கத்தியது. தோண்டினால் துருப்பிடித்த ஆணி. அதை ஒட்டியே ஒரு சின்ன வெள்ளிப் பதக்கம். இரும்பு வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்ததால் மாப்பிள்ளை இரண்டையும் சேர்த்து ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார். அக்காவுக்குக் கோபம் கருவி மேல் வரவில்லை. "அவரு என்ன பண்ணுவாரு, நான் சொன்னதைக் கேட்டாரு" என்றார். அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால் தோண்டிவிடுவது என்று ஆகிவிட்டது.

டிப்போவில் யாராவது எது வாங்கலாம் என்று கேட்டால் தேநீர் ஆறிப்போகும்வரை விடமாட்டார். "முதல்ல மலிவானதை வாங்கு. குப்பையைத் தோண்டித் தோண்டி இடுப்பு விட்டுப்போகும். அப்பவும் அடுத்த வாரம் கால் தானா அங்க போச்சுன்னா, பெரிசா வாங்கு. கால் போகலைன்னா, பணமாவது தப்பிச்சுது."

அன்றைக்கு வெயில் தாழ்ந்த நேரம். கணவரும் கூட வந்திருந்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு கூட்டம் குனிந்து மணலைக் கைகளால் அளைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு இளம் தாய், பக்கத்தில் ஒரு சிறுமி. சிறுமிக்குக் காது கேட்காது. அறுவை செய்து காதுக்குள்ளே கருவி பொருத்தியிருந்தார்கள். அதற்குச் சத்தத்தை அனுப்ப, வெளியே தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் துண்டு, அலையோடு ஓடிப்பிடித்து விளையாடியபோது எங்கேயோ விழுந்துவிட்டது.

"புதுசு வர எத்தனை மாசம் ஆகுமோ அக்கா. அதுவரைக்கும் ஸ்கூல்ல சும்மா உக்காந்திருப்பா. இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா" என்றாள் தாய்.

அக்கா அலையைப் பார்த்தார். நீர் ஏறிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க! நடந்து நடந்து நீங்களே புதைச்சிடுவீங்க." பேருந்தில் படிக்கட்டுப் பயணிகளை உள்ளே தள்ளும் அதே குரல். கூட்டம் ஒதுங்கியது. செருப்பு நுனியால் மணலில் கோடுகள் இழுத்தார். பழைய கருவியைக் கணவர் கையில் திணித்தார்.

"நானா?"

"நீங்கதான். காஞ்ச மணல் உங்களுக்கு. கத்துனா தோண்டுங்க. யோசிக்காதீங்க."

காந்தம் இருக்கிறது என்றால் மாப்பிள்ளை அதை இரும்பு என்று ஒதுக்கிவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கும்படி அமைப்பை மாற்றிவிட்டு, தண்ணீரை ஒட்டிய கோட்டில் தொடங்கினார். அதைத்தான் அலை முதலில் கொண்டுபோகும். கருவி முனகியது, கீச்சிட்டது. ஒவ்வொன்றுக்கும் குனிந்தார். பாட்டில் மூடி. தூண்டில் முள். மறுபடி மூடி. அவர் முடித்த கோட்டை அலை வந்து அழித்தது. அடுத்த கோட்டுக்கு ஏறினார். அதையும் அழித்தது. தொப்பி கழன்று தண்ணீரில் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. சிறுமி அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு கூடவே நகர்ந்தாள்.

ஓரிடத்தில் சத்தம் உடைந்து உடைந்து வந்தது. எண் ஒரு நிலையில் நிற்கவில்லை. மற்ற நாளில் யாரும் தாண்டிப் போகும் சத்தம். முழங்காலிட்டு, ஓட்டை போட்ட மண்வாரியை ஆழமாக இறக்கி அள்ளிக் குலுக்கினார். மணல் ஒழுகியது. பொத்தான் போன்ற சிறு வட்டம், ஒரு குட்டை வயர், காந்தத்தைச் சுற்றி மீசை முளைத்தாற்போல் கறுப்பு மணல்.

தாய் வாங்கித் துடைத்து மகளின் தலையில் வைத்தாள். சிறுமியின் முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி கழற்றி, ஊதி, கைப்பையிலிருந்து வேறு பேட்டரி எடுத்து மாற்றினாள். மெல்ல ஒட்டவைத்துவிட்டு, மகளின் முதுகுப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"பட்டு... பட்டுக்குட்டி!"

சிறுமி வெடுக்கென்று திரும்பினாள். "ஏம்மா கத்துறே? கேக்குது."

கூட்டம் கைதட்டியது. கணவர் ஒரு கை நிறைய ஆணிகளோடு ஓடி வந்து, என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவரையும் கேட்டார். தாய் அழுதுகொண்டே அக்காவின் கைகளைப் பிடித்துக்கொள்ளத் தேடினாள். அந்தக் கைகள் மணலுக்குள் இருந்தன. சற்று நேரத்தில் அலையே வந்து மூடிவிடும் குழிதான். அவர் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து, தான் தோண்டிய ஒவ்வொன்றையும் மண் இழுத்துப் போட்டு நிரப்பி, மேலே உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார்.